சாம்பல் ஆந்தைக்குக் கேட்கும்

எட்டு மணி நேரம். காலை ஒன்பதுக்குக் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் விடுவார்கள். பராமரிப்பு வேலை என்று மாதத்தில் ஒரு நாள் நடப்பதுதான். சங்கரன்கோவில் தறிக்காரர்களுக்கு அன்றைக்குக் கூலி கிடையாது. ஆனால் அந்த எட்டு மணி நேரமும் தெருவில் ஒரு தறிகூட ஓடாது. தன் படத்துக்குச் சத்தம் பதிய அதைவிட்டால் வேறு நாள் இல்லை என்று ரெஜின் கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

அவனுடைய அப்பா ஜெபசுந்தரிடமும் ஒரு கணக்கு இருந்தது. கரண்ட் இல்லாத நாளில் அவர் ஊரில் இருக்கமாட்டார். காலையிலேயே மஞ்சள் பையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு புளியங்குடி பஸ் ஏறிவிடுவார். அங்கே தங்கச்சி எஸ்லின் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, எலுமிச்சை மார்க்கெட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார். தறி ஓடத் தொடங்கிய பிறகு, பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு தெருவுக்குள் நுழைவார். கரண்டு போனால் ஜெபசுந்தரும் போய்விடுவார் என்று தெருவில் கேலி உண்டு.

யாரும் காரணம் கேட்டதில்லை. காரணம் அவருடைய காதில் இருந்தது.

பதினாறு வயதில் தறியில் நின்றவர். இப்போது ஐம்பத்திரண்டு. வலது காது போய் நாலு வருஷம் ஆகிறது. இடது காதில் தூரத்தில் லாரி போவதுபோல ஒரு உறுமல் மட்டும் மிச்சம். தறிக்கூடத்துக்குள் அதனால் ஒரு குறையும் வரவில்லை. பன்னிரண்டு தறி ஒன்றாக ஓடும்போது அங்கே யாருக்கும் எதுவும் கேட்காது. எல்லாரும் வாயைப் பார்த்துத்தான் பேசுவார்கள். உதட்டை நன்றாக அசைத்து, நிதானமாக. இரண்டு விரலைத் தூக்கினால் டீ. கையை விரித்து உயர்த்தினால் தறியை நிறுத்து. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் கிள்ளிக் காட்டினால் நூல் அறுந்துவிட்டது. அந்த இரைச்சலுக்குள் ஜெபசுந்தர் எல்லாரையும் போல ஒரு ஆள்.

அமைதிதான் அவருக்கு ஆகாது. சத்தம் இல்லையென்றால் ஜனங்கள் பேச்சில் கவனம் இல்லாமல் போய்விடுகிறார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறார்கள். அடுத்த அறையிலிருந்து கூப்பிடுகிறார்கள். இருட்டில் உட்கார்ந்து கதை சொல்கிறார்கள்.

போன் வந்தால் கையில் எண்ணெய் என்று மனைவி ரெபேக்காளிடம் கொடுத்துவிடுவார். குளித்துவிட்டு வந்து நிற்கும்போதும் கையில் எண்ணெய்தான். ரெபேக்காளும் வாங்கிப் பேசுவாள். அவள் மட்டும் எப்போதும் அவருக்கு முன்னால் வந்து நின்றுதான் வாயைத் திறப்பாள். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ரெஜினுக்குத் தெரியக் கூடாது. அது ஒன்றுதான் அவருக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்கு டைபாய்டு வந்தபோது, பாலிடெக்னிக் போய்க்கொண்டிருந்த பையன் யாரிடமும் கேட்காமல் நின்றுவிட்டு அவருடைய நாலு தறியையும் மூன்று மாதம் ஓட்டினான். ஒரு வருஷப் படிப்பு அதில் போயிற்று. இப்போது சென்னையில் ஒரு எடிட்டிங் கம்பெனியில், முழுதாக முடித்த படம் ஒன்றைக் காட்டினால் வேலை தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அப்பாவுக்குக் காது இல்லை என்று தெரிந்தால் அவன் படத்தையும் அனுப்பமாட்டான், ஊரை விட்டும் போகமாட்டான். தறிக்கு முன்னால் வந்து நின்றுவிடுவான். அவனுக்கும் காது போகும்.

அன்றைக்கும் ஜெபசுந்தர் பையை மடக்கியாகிவிட்டது. வாசலில் செருப்பை மாட்டும்போது ரெஜின் முன்னால் வந்து நின்றான்.

"நடிக்கிறதுக்குத் துரைப்பாண்டி வரலப்பா. குருவிகுளத்துல ரெண்டு ஆட்டைக் காணோமாம், காடு காடாத் தேடிக்கிட்டுத் திரியுதான். நீங்கதான் நடிக்கணும்."

"எனக்கு என்னல நடிப்பு தெரியும்?"

"தறிக்காரனா நடிக்கணும். அதுகூடத் தெரியாதா ஒங்களுக்கு?"

பையன் சிரிக்காமல் சொன்னான். இரண்டு வருஷமாக அவன் அப்பாவிடம் சிரித்துப் பேசுவதில்லை. படம் எடுப்பது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று அவன் முடிவு செய்துவிட்டதாக ரெபேக்காள் ஒருமுறை சொல்லியிருந்தாள். தான் எப்போது அப்படிச் சொன்னோம் என்று ஜெபசுந்தர் யோசித்துப் பார்த்திருக்கிறார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

ரெபேக்காள் வந்து அவர் முகத்துக்கு நேராக நின்றாள். "எஸ்லின் வீடு எங்கயும் போயிராது. இன்னைக்கு ஒரு நாள் பிள்ளைகூட இருங்க." சொல்லிக்கொண்டே பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

தறிக்கூடம் யாகூப் பாயுடையது. கரண்ட் இல்லாத நாள்தானே, என்ன கூத்தாவது அடியுங்கள், தறியில் ஏற்றிய பாவு நூலில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று சாவியைக் கொடுத்திருந்தார். அவருடைய மகன் ஷாஜித் கேமரா பிடிக்கிறவன். ரெஜினோடு படித்த சண்முகப்ரியா சத்தம் பதிகிறவள். காதில் பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நீளமான கம்பில் கட்டிய மைக்கை மீன் பிடிக்கிறவள்போலப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னல்களுக்கெல்லாம் சாக்கு அடித்திருந்தார்கள். கதவைச் சாத்தியதும் பகல் பத்து மணி பாதி ராத்திரியாயிற்று. ஒரு எமர்ஜென்சி லைட்டை நீல பேப்பர் சுற்றித் தறிக்கு அடியில் வைத்தார்கள். பாவு நூல்கள் வழியாக அந்த வெளிச்சம் கீழிருந்து மேலே ஏறியது. பஞ்சுத் தூசி அதில் மெல்ல மிதந்தது. முப்பத்தாறு வருஷமாகப் பார்க்கிற இடம் ஜெபசுந்தருக்கு வேறெங்கோ போலிருந்தது. நன்றாகத்தான் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

படம் சாம்பல் ஆந்தையைப் பற்றியது. சாம்பல் ஆந்தை, சிவகாசியில் அச்சடித்து மாதாமாதம் வந்த ஒரு காமிக்ஸ் புத்தகத்தின் வீரன். புத்தகம் நின்று வருஷக்கணக்காகிவிட்டது. ஆனால் அதன்மேல் பைத்தியமாகத் திரிகிற பையன்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆளுக்கொரு படம் எடுத்து இணையத்தில் போட்டுக்கொள்கிறார்கள். ரெஜினுக்கு அந்தப் புத்தகத்தை பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி, மடியில் உட்கார வைத்து வாசித்துக் காட்டியவர் ஜெபசுந்தர்தான். சாம்பல் ஆந்தை பறக்காது. மலையைத் தூக்காது. அதற்கு இருக்கிற ஒரே சக்தி காது. ஊரே உறங்குகிற நேரத்தில், எங்கோ ஒரு மூலையில் ஒருத்தன் வாய்க்குள் முனகினாலும் அதற்குக் கேட்டுவிடும். உடனே இருட்டில் வந்து இறங்கும்.

ரெஜினின் கதையில் ஒரு தறிக்கூடத்திலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். கடைசியாக மிச்சமிருக்கிற தறிக்காரன்தான் ஜெபசுந்தர்.

"எல்லாரும் செத்துப் போற படமால இது?" என்று அவர் கேட்டார்.

ஷாஜித் வெளிச்சத்துக்கு வந்து பதில் சொன்னதால் அது அவருக்குப் புரிந்தது. "எல்லாரும் சாவாங்க மாமா. ஆந்தைய மட்டும் விட்டுருக்கோம். அது செத்தா தையல்கூலி வீணாயிரும்."

ஆந்தை ரெஜினே. யாகூப் பாய் கழித்துப்போட்ட துணியில் தைத்த நீண்ட அங்கி. பழைய ஹெல்மெட்டை வெட்டிச் செய்த முகமூடி. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. மூக்குக்குக் கீழே கழுத்து வரைக்கும் சாம்பல் துணி தொங்கியது.

"வாயையும் மூடணுமால?"

"ஆந்தைக்கு வாய் தெரியக் கூடாதுப்பா. யாருன்னு கண்டுபிடிச்சிருவாங்க." சொல்லிவிட்டு முகமூடியை மாட்டிக்கொண்டான். அத்தோடு அவன் பேச்சு அவருக்கு அறுந்துபோயிற்று.

ஆடி மாதக் காற்று. தென்காசிப் பக்கம் சாரல் விழுந்தால் இங்கே வெறும் காற்று மட்டும் தூசியோடு வந்து சேரும். கூரையோரத்தில் ஆணி கழன்ற தகரம் ஒன்று அடித்துக்கொண்டிருந்தது. அது மைக்கில் விழுகிறது என்று சண்முகப்ரியா சொல்லியிருக்கிறாள். தகரத்துக்குப் பக்கத்தில் நின்றவர் ஜெபசுந்தர். ஏணியில ஏறி அதைக் கொஞ்சம் பிடிங்க என்று ரெஜின் பின்னாலிருந்து இரண்டு தரம் சொல்லியிருக்கிறான். அவர் பாட்டுக்குப் பாவைத் தடவிக்கொண்டு நின்றார். மூன்றாம் தரம் ரெஜினே ஏணியைத் தூக்கிக்கொண்டு அவரை உரசிப் போனான். தோளில் இடித்த பிறகுதான் அவர் திரும்பினார். முகமூடிக்குள் இரண்டு கண் அவரைப் பார்த்தது. எதையோ காதில் வாங்காமல் விட்டிருக்கிறோம் என்று அந்தப் பார்வையில் அவருக்குப் புரிந்தது.

வசனக் காட்சி பகல் பதினோரு மணிக்கு. இருட்டிலிருந்து ஆந்தை வந்து நின்று, உன்கூட இருந்தவங்க எங்கே என்று கேட்க வேண்டும். தறிக்காரன் பதில் சொல்ல வேண்டும். ரெஜின் காலையிலேயே தாளில் எழுதிக் கொடுத்திருந்தான். மனப்பாடம் பெரிய காரியமில்லை. ஆந்தை எப்போது கேட்டு முடித்தது என்று தெரிவதுதான் காரியம்.

முதல் தடவை ஆந்தை பேசிக்கொண்டிருக்கும்போதே பதிலைச் சொல்லிவிட்டார். இரண்டாம் தடவை அது பேசி முடித்து வெகு நேரம் சும்மா நின்றார். ஷாஜித் தலையைச் சொறிந்தான். மூன்றாம் தடவைதான் அவர் அதைக் கண்டுபிடித்தார். பையன் பேசும்போது வாய்க்கு மேலே தொங்கிய துணி லேசாக உப்பி உப்பி அடங்கியது. ஜெபசுந்தர் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அசைவு நின்றதும் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுச் சொன்னார்.

"சத்தத்துல யாரு போனாங்கன்னு தெரியல. சத்தம் நின்ன பெறகுதான் ஆள் இல்லன்னு தெரிஞ்சுது."

ஷாஜித் கேமராவுக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். சண்முகப்ரியா ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். "மாமா, குரல் அருமையா இருக்கு. கொஞ்சம் சத்தந்தான் கூட. தெரு முக்கு வரைக்கும் கேட்டிருக்கும்."

"தறிக்காரன் மெல்லப் பேசி நீ எங்கயும் பாத்திருக்கியா?" என்று அவர் சொன்னார். அவள் சிரித்தாள். ரெஜின் முகமூடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் வாயோரத்திலும் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனதை ஜெபசுந்தர் பார்த்தார். இந்த எட்டு மணி நேரம் தாண்டிவிடும் என்று அப்போது நம்பினார்.

மத்தியானம் ரெபேக்காள் தூக்குவாளியில் கூட்டாஞ்சோறு கொண்டுவந்தாள். முருங்கைக்கீரை போட்டுக் கிண்டியது. சூடு ஆறாமல் வாழை இலையால் மூடியிருந்தாள். கூழ்வத்தல் தனியாக ஒரு டப்பாவில். தறிகளுக்கு நடுவில் பேப்பரை விரித்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கதவைத் திறந்து வைத்ததால் நல்ல வெளிச்சம். எல்லார் வாயும் தெரிந்தது. துரைப்பாண்டியின் ஆடுகள் கிடைத்துவிட்டன என்று ஷாஜித்துக்குப் போன் வந்திருந்தது. இரண்டும் பக்கத்து வீட்டுக் கொட்டிலிலேயே படுத்திருந்தனவாம்.

"அவன் ஆட்டைத் தேடல, நடிப்புக்குப் பயந்து ஆட்டை ஒளிச்சு வச்சிருக்கான்" என்றான் ஷாஜித்.

ரெபேக்காள் எல்லாருக்கும் வத்தல் வைத்துக்கொண்டே வந்தாள். கணவரிடம் வந்தபோது மட்டும் குனிந்து, சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக் கேட்டாள். சமாளிக்கீயளா. அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

மிச்சமிருந்தது ஆந்தை இறங்குகிற காட்சி. முதலில் மேலே ஏற வேண்டும். பாவு சுற்றிய இரும்பு பீம்களைத் தறியில் ஏற்றுவதற்காகக் கூடத்தின் நடு உத்திரத்தில் ஒரு கப்பி மாட்டியிருந்தது. அதில் கயிறு விட்டு ஆளைத் தூக்கிவிடலாம். ஒரு பீமின் பாரத்துக்கும் ரெஜினின் பாரத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. கப்பிக் கயிறு பிடிக்க இந்தத் தெருவில் ஜெபசுந்தரைப் போல ஆள் இல்லை. சுவரோரம் காலை ஊன்றி, கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி அவர் நின்றார். நிறுத்து என்று கத்துனா நிறுத்திருங்க என்று ரெஜின் சொன்னான். அப்போது முகமூடி கையில் இருந்தது, அதனால் தெரிந்தது.

இதில்தான் எல்லாரும் தப்பு செய்தார்கள். பீம் தூக்கும்போது எதிரில் ஒருத்தன் நின்று கையை விரித்துக் காட்டுவான். அதுதான் இந்தக் கூடத்து வழக்கம். கத்தி யாரும் யாரையும் நிறுத்தியதில்லை. ஆனால் இன்றைக்கு அமைதியாக இருக்கிறதே, கத்தினால் கேட்குமே என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். ஜெபசுந்தர் மட்டும் அது தப்பு என்று அறிந்திருந்தார். வாயைத் திறந்து, கையைக் காட்டுங்கலே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டுவிடுவானோ என்று பேசாமல் இருந்துவிட்டார்.

கதவைச் சாத்தினார்கள். நீல வெளிச்சத்தை உத்திரத்தின் பக்கம் திருப்பினார்கள். கயிறு பிடித்தவர் நின்ற மூலை கறுப்பாகிவிட்டது. ஷாஜித் விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டதும் அவர் இழுக்கத் தொடங்கினார்.

பாதி உயரம் வரை சரியாகத்தான் போயிற்று. பிறகு கயிறு அதிர்ந்தது. அங்கி விரிந்து அடித்துக்கொண்டது, கால்கள் உதறின. ஆந்தை சிறகடிக்கிறது என்று நினைத்து அவர் இன்னும் ஒரு இழுப்பு இழுத்தார். நன்றாக நடிக்கிறான் என்றும் நினைத்தார். இன்னொரு இழுப்பு. அப்போது யாரோ அவருடைய கையில் ஓங்கி அறைந்தார்கள். சண்முகப்ரியா. அவள் வாய் பெரிதாகத் திறந்து மூடியது. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கையை விரித்து அவர் முகத்துக்கு முன்னால் தூக்கிக் காட்டினாள். அவர் நிறுத்தி, கயிற்றை மெல்ல மெல்ல விட்டார்.

ரெஜினின் இடுப்பில் கட்டியிருந்த கயிறு நழுவி அக்குளில் ஏறியிருக்கிறது. கழுத்துக்குப் போவதற்குள் ரெஜின் ஒரு கையால் அதைப் பிடித்துத் தொங்கியிருக்கிறான். மணிக்கட்டில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஜெபசுந்தர் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தார். அவன் உதறினான்.

கதவு திறந்து மூடியது. டீத் தூக்கோடு உள்ளே வந்த ரெபேக்காள் அங்கேயே நின்றுவிட்டாள்.

ரெஜின் முகமூடியைக் கழற்றவில்லை. அப்படியே அவருக்கு எதிரே நின்று பேசத் தொடங்கினான். துணி உப்பி உப்பி அடங்கியது. காலையில் நாலு வார்த்தைக்கு அடங்கிய துணி இப்போது நிற்கவே இல்லை. ஜெபசுந்தர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற மூன்று பேரும் தரையைப் பார்ப்பதிலிருந்து, என்ன பேச்சு என்று அவருக்குக் கொஞ்சம் தெரிந்தது. ரெபேக்காள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். அவள் சொல்லிவிடப் போகிறாள். அவர் கையை விரித்து உயர்த்தினார். தறியை நிறுத்துகிற கை. அவள் நின்றாள்.

துணி அசைவது நின்றது. அவன் பதிலுக்குக் காத்திருக்கிறான். காலையில் செய்ததுபோல ஒன்று, இரண்டு என்று அவர் எண்ணவில்லை.

அவர் போய்த் தறிக்கு அடியிலிருந்த எமர்ஜென்சி லைட்டை எடுத்து, நீல பேப்பரைக் கிழித்தார். வெள்ளை வெளிச்சத்தைப் பையனுடைய முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் முகமூடியை மேலே தூக்கிக் கழற்றினார். வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கண் கலங்கியிருந்தது.

"இப்பம் சொல்லு" என்றார்.

"எத்தன தடவ சொல்லுதது? நிறுத்துங்க நிறுத்துங்கன்னு தொண்ட கிழியக் கத்துதேன், நீங்க இழுத்துக்கிட்டே நிக்கீய. வேணும்னேதான செஞ்சீய?"

உதடு நடுங்கினாலும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகத் தெரிந்தது.

ஆமா என்று சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஆமா, வேணும்னுதான் செஞ்சேன். அந்த ஒரு வார்த்தை போதும். இன்று ராத்திரியே மிச்சத்தை வேறெங்காவது எடுத்துப் படத்தை அனுப்பிவிடுவான். சென்னைக்குப் போய்விடுவான். கோபத்தோடு போவான், ஆனாலும் போய்விடுவான். தறி அவனைத் தொடாது.

அவர் வாயைத் திறப்பதற்குள் ரெஜின் மறுபடியும் பேசினான். இப்போது மெதுவாக.

"பிடிக்கலன்னா அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா. முத்தத்துல நீங்க கால் கழுவிக்கிட்டு இருந்தீய. பின்னால நின்னு கேட்டேன், அப்பா, நான் படம் எடுக்கப் போகட்டுமான்னு. மூணு தடவ கேட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல நீங்க. ஒரு மனுசன்கிட்ட கேக்கோம், கழுதகிட்டயா கேக்கோம்?"

இரண்டு வருஷமாக ஜெபசுந்தர் தேடியும் ஞாபகத்தில் கிடைக்காத நாள் அதுதான். ஞாபகத்தில் எப்படி இருக்கும். அன்றைக்கு முற்றத்தில் தண்ணீரும் செம்பும் தன் காலும் மட்டுமே இருந்தன. பின்னால் ஒரு பையன் நின்றிருக்கிறான். மூன்று தடவை கேட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறான். அதைச் சுமந்துகொண்டுதான் இத்தனை நாளும் ஒரே சட்டியில் சோறு தின்றிருக்கிறான். ஆமா என்று இப்போது சொன்னால் அதையும் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போவான்.

சாக்கின் ஓரத்தில் வெயில் சாய்ந்துவிட்டது. கரண்ட் வருகிற நேரம். வந்துவிட்டால் தெருவிலுள்ள தறியெல்லாம் ஒன்றாக எழுந்துகொள்ளும், பிறகு யார் சொல்வதும் யாருக்கும் கேட்காது. அவர் எல்லாரையும் போல ஒரு ஆள் ஆகிவிடுவார். ரெபேக்காள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்முகப்ரியாவின் கழுத்தில் கிடந்த ஹெட்போனுக்குக் கீழே, பதிகிற பெட்டியில் சிவப்புப் புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அவர் விளக்கைப் பையனிடமிருந்து திருப்பித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"நீ கேட்டது எனக்குத் தெரியாது, மக்கா" என்றார். எவ்வளவு சத்தமாகச் சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. "இன்னைக்குக் கத்துனதும் தெரியாது. எனக்குக் காது கேக்காது."